அந்த நாவலைப் பேசும் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள்

கடலூர், புதுச்சேரி வாசகர் வட்ட நண்பர்களுக்கு,

வணக்கம்.

கடுமையான குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தையைக் குடும்பம் எப்படி வளர்க்கிறது என்று சொல்லும் நாவல்களை நீங்கள் அவ்வப்போது எடுத்துப் பேசுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர்கூட இல்லாமலே அந்தக் கூட்டங்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். வயது இருபதைத் தாண்டிவிட்டது. தானாக உட்கார முடியாது, பேச்சு கிடையாது, வலிப்பு உண்டு. நான் அவனுக்கு மூத்தவள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஆல்பேட்டைப் பக்கம். அம்மாவும் நானும் நாவல் படிக்கிறவர்கள். அம்மா என்னைவிட வேகமாகப் படிப்பாள். தம்பிக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு உடனே படுக்கவைக்க முடியாது, உணவு மேலேறிப் புரையேறிவிடும். அவனைச் சாய்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அம்மா படிக்கிறாள். ஒரு கை அவன் தோளில், ஒரு கையில் புத்தகம். இப்படியே எத்தனையோ நாவல்களை முடித்திருக்கிறாள். உங்கள் கூட்டம் எதற்கும் அவள் வந்ததில்லை. நான் வந்திருக்கிறேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டங்களில் நான் கண்டது இதுதான். ஒருவர் எழுந்து, படிக்கும்போது பல இடங்களில் அழுதுவிட்டேன் என்பார். இன்னொருவர் அந்தத் தாயைத் தெய்வம் என்பார். மூன்றாவது ஆள் தன் தெருவில் உள்ள ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லி, நமக்கெல்லாம் கடவுள் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று முடிப்பார். அப்புறம் மொழிநடை பற்றிக் கொஞ்சம் பேச்சு, டீ, நன்றியுரை. அழுதவர்களை நான் குறை சொல்லவில்லை. மனசு இளகாமல் இந்த நாவல்களைப் படிக்க முடியாது. ஆனால் அந்த வீட்டில் இரவு யார் விழித்திருந்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, அந்தக் குழந்தைக்கு முப்பது வயதாகும்போது அதைத் தூக்கப்போவது யார் என்று யாருமே கேட்பதில்லை. நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் பேச்சு அந்தப் பக்கங்களுக்குப் போவதில்லை. கண்ணீர் வந்த பக்கத்திலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

ஜப்பானிய எழுத்தாளர் கென்ஸாபுரோ ஓயேயை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1994-இல் நோபல் பரிசு பெற்றவர், 2023-இல் காலமானார். அவருடைய மூத்த மகன் ஹிகாரி 1963-இல் மண்டையோட்டில் பெரிய புடைப்போடு பிறந்தான். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்கமாட்டான், செய்தாலும் மூளை வளர்ச்சியில் பாதிப்பு இருக்கும் என்ற நிலை. அடுத்த வருடமே ஓயே அதை வைத்து ஒரு நாவல் எழுதினார். ஆங்கிலத்தில் 'எ பெர்சனல் மேட்டர்' என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் வரும் இளம் அப்பாவைப் பறவை என்ற பட்டப்பெயரில் கூப்பிடுகிறார்கள். ஆப்பிரிக்காவுக்குப் போவது அவன் கனவு. குழந்தை பிறந்த செய்தி வந்ததும் அவன் குடிக்கிறான், பழைய தோழி வீட்டில் போய் ஒளிகிறான், குழந்தை ஆஸ்பத்திரியிலேயே மெலிந்து செத்துப்போகாதா என்று காத்திருக்கிறான். கடைசியில் மனம் மாறி அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறான்.

இந்த நாவலை நான் மதிப்பதற்குக் காரணம் அந்த அப்பாவின் மனமாற்றம் அல்ல. குழந்தை செத்தால் தேவலை என்று ஒரு தகப்பன் நினைத்ததை, அதுவும் தன் வீட்டுக் கதையை ஒட்டி, ஓயே எழுதினாரே, அதுதான் காரணம். எங்களைப் போன்ற வீடுகளில் அந்த நினைப்பு வராமல் இருக்காது. வரும், போகும். வந்ததை வாய்விட்டுச் சொல்லத்தான் இடம் கிடையாது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் பாவி என்பார்கள். டாக்டரிடம் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. கோயிலில் சொன்னால் கோயிலுக்குப் போனதே வீண் என்று தோன்றும்.

என் அம்மா சொல்லியிருக்கிறாள். தம்பிக்குக் காய்ச்சலும் வலிப்பும் மாறி மாறி வந்த ஒரு வாரத்தில், விடியற்காலையில், அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு முன்னாடியே இவன் போயிடணும்டி" என்றாள். எனக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்புறம் சிகிச்சைக்குப் போன இடங்களில், பயிற்சி மையத்து வராந்தாக்களில், வேறு அம்மாக்கள் இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டேன். வேப்பூர்ப் பக்கம் ஒரு அம்மா, பாகூரிலிருந்து வந்த ஒரு அம்மா, பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொன்னார்கள். 'எனக்குப் பிறகு' என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டவர்களும் உண்டு.

இந்த வாக்கியம் ஏதாவது ஒரு நாவலில் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தாய்மையின் உச்சம் என்று ஒருவர் சொல்லலாம். இதென்ன இவ்வளவு கொடூரமா என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டுமே அம்மாவின் மனசைப் பற்றிய பேச்சு. நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. அந்த வாக்கியத்தை அவள் நிற்கும் ஊரைப் பற்றிய சாட்சியமாகப் படியுங்கள். நாளைக்கு நான் போய்விட்டால் என் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்று ஊரெல்லாம் தேடிப் பார்த்து, யாரும் கண்ணில் படாத ஒருத்தி சொல்வது அது. பதில் இருந்தால் அவள் அப்படி வேண்டிக்கொள்ளமாட்டாள். எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை சாகவேண்டும் என்று ஆசை இருக்காது. தான் இல்லாத வீட்டில் அவன் ஈரத் துணியோடு கிடக்கக்கூடாது என்பதுதான் அவள் கேட்பது.

ஓயேயின் அந்த நாவல் முடியும் இடத்தில்தான் எங்கள் வீடு ஆரம்பிக்கிறது. அப்பா முடிவெடுத்துவிட்டார், குழந்தை பிழைத்துவிட்டது, சரி. அடுத்த நாள் காலை? அந்த முடிவு ஒட்டவில்லை என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. ஓயேயும் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த மகன் அவருடைய கதைகளில் வந்துகொண்டே இருந்தான். 1983-இல் வந்த ஒரு புத்தகத்தில் அவன் இருபது வயதை நெருங்கும் பையன், உடம்பு பெருத்தவன், கோபம் வந்தால் வீட்டையே பயமுறுத்துகிறவன். குழந்தை என்று சொல்லி அணைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு வளர்ந்தவனை எழுதிய அந்தப் பக்கங்களை யாரும் கூட்டத்துக்கு எடுப்பதில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. மூன்று வயதுக் குழந்தைமேல் இரக்கம் தானாக வந்துவிடும். மீசை முளைத்தவனுக்கு டயப்பர் மாற்றும் அம்மாவைப் பார்க்க நமக்குச் சங்கடம்.

இந்த வளர்ச்சியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் படித்த வரையில் எழுத்தில் இது குறைவு. தம்பி சின்னவனாக இருந்தபோது அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பஸ் ஏறி ஜிப்மருக்குப் போய் வந்துவிடுவாள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் அவனுக்குப் பழக்கம். பஸ் குலுக்கலில் சிரித்துக்கொண்டே வருவான். பத்துப் பன்னிரண்டு வயதில் கால்கள் நீண்டன, தசை இறுக்கம் கூடியது, இரண்டு காலும் கத்தரிபோல் பின்னிக்கொண்டன. இடுப்பில் தூக்க முடியாமல் போனது. பஸ்ஸும் நின்றது. ஆட்டோ பேச வேண்டும், கூட இரண்டு பேர் வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேலைக்கு லீவு போட வேண்டும். அதனால் மருத்துவப் பரிசோதனை தள்ளிப்போகும், இயன்முறைப் பயிற்சி விட்டுப்போகும், விட்டுப்போனதால் இறுக்கம் இன்னும் கூடும். அரசு கொடுத்த அந்தப் பிரத்யேக நாற்காலி நல்ல நாற்காலிதான், ஆனால் பிள்ளை வளர்வான், நாற்காலி வளராது. அவன் உடம்பு வளர வளர அம்மாவின் முதுகு தேய்ந்தது. இப்போது அவளுக்கு வலி இல்லாத நாள் இல்லை. படுத்தே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரியும் அதே இரண்டு மணி நேரம்தான். இதைப் பல வருடமாகச் செய்யும் ஒருவரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் யாரும் மாற்று ஆளாகப் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது. தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, தூக்கம் வராது. என் அம்மாவுக்கு இரண்டும் உண்டு.

சட்டத்திலும் வயதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதினெட்டு முடிந்துவிட்டால், பிள்ளை தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவனாக இருந்தாலும், பெற்றவர்கள் தானாகவே அவனுடைய பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, சட்டப்படியான பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடவேண்டி வரும்போதுதான் பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் அதே அறக்கட்டளையின் வழியாகத்தான், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாட்டு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வலிப்பு மருந்துக்கும் டயப்பருக்குமே அது பற்றாது, ஆனாலும் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது, அதற்கு நன்றி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, கூடுதல் ஆதரவு தேவைப்படுகிறவர்கள் அதை உரிமையாகவே கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. நாவல் பேசும் கூட்டத்தில் சட்டம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கதையில் வரும் அம்மாவுக்காக அழுத அதே மாலையில், ஒரு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று பக்கத்துத் தெரு அம்மாவுக்குச் சொல்லித்தர உங்களால் முடியும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு 2004 டிசம்பர், 2011 டிசம்பர், 2015, 2024 என்று ஆண்டைச் சொன்னாலே போதும். 2011-இல் தானே புயல் அடித்தபோது தம்பி சின்னப் பையன். காற்று ஓய்ந்த பிறகுதான் எங்களுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. மின்சாரம் இல்லை. அவன் மென்று விழுங்க மாட்டான். எதுவானாலும் மிக்சியில் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொஞ்சம் திப்பி இருந்தாலும் தொண்டையில் நின்று நுரையீரலுக்குப் போய்விடும். மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் அம்மா பக்கத்து வீட்டு அம்மியில் இட்லியைப் பால் விட்டு அரைத்து, துணியில் வடித்து ஊட்டினாள். அம்மி தந்தவர்கள் கேட்காமலே தந்தார்கள். மீன் வியாபாரம் செய்கிற குடும்பம், எந்த நாவலும் படிக்காதவர்கள். 2024-இல் பெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, முகாமுக்குப் போகச் சொன்னார்கள். போகலாம்தான். ஆனால் முகாமில் தரையில் படுக்க வைத்தால் அவனுக்குச் சளி கட்டும், கூட்டத்தின் இரைச்சலில் வலிப்பு வரும், வலிப்பு மருந்தை ஒருவேளைகூட நிறுத்தக்கூடாது, உடை மாற்ற மறைவு வேண்டும். நாங்கள் உறவினர் வீட்டு மாடிக்குப் போனோம். நான்கு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார்கள். அந்த நால்வரில் ஒருவர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றி யாராவது கடலூர் மண்ணிலிருந்து நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். யாரும் கதையாக நினைக்காத மனிதர்களைக் கதைக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்கள். உங்கள் வட்டத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். எழுதுவதானால் அந்த வீட்டு அப்பாவையும் எழுதுங்கள். ஓடிப்போகும் அப்பா, அல்லது தியாகியான அப்பா, இந்த இரண்டு பேர்தான் கதைகளில் அதிகம் வருகிறார்கள். என் அப்பா ஓடிப்போகவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. யாராவது லீவு என்றால் இவர்தான் அவர்கள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்ப்பார். பணம் தேவை என்பது உண்மை. வீட்டுக்குள் இருக்க அவரால் முடியவில்லை என்பதும் உண்மை. தம்பியைக் குளிப்பாட்டும்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். அந்த அப்பாவை நான் இன்னும் எந்த நாவலிலும் பார்க்கவில்லை.

கூடப் பிறந்தவர்களையும் எழுதுங்கள். எனக்கு வந்த வரன்களில் பாதி, தம்பியைப் பற்றிக் கேட்டதும் நின்றுபோனது. மீதியில் ஒன்று, "அவங்க அம்மா அப்பாவுக்கு அப்புறம் யார் பாத்துப்பாங்க?" என்ற கேள்வியில் நின்றது. அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியம்மா ரொம்ப நிதானமாக, கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கேட்டார். நான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலைச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு ஊரே பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு, பெண் பார்க்கும் கூடத்தில், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருத்தி பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஓயேயின் மகனைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு, உங்கள் கூட்டங்களில் அதுதான் எல்லோருக்கும் பிடித்த செய்தி. ஹிகாரி சின்ன வயதில் மனிதக் குரலுக்குத் திரும்பமாட்டான், பறவைச் சத்தத்துக்கு மட்டும் திரும்புவான். பெற்றோர் பறவைக் குரல்கள் பதிவான இசைத்தட்டை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறு வயதில் ஒருநாள், காட்டுக்குள் அப்பா தோளில் உட்கார்ந்திருந்தபோது, கூவிய பறவையின் பெயரைச் சரியாகச் சொன்னான். பின்னாளில் இசையமைப்பாளர் ஆனான், அவன் இசை ஒலித்தட்டுகளாக வந்து விற்றது. கேட்க எனக்கும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுப்பார் என்று நீங்கள் முடிக்கும்போது, கடைசி வரிசையில் இருக்கும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். என் தம்பிக்கும் காது கூர்மை. ரயில் கெடிலம் பாலத்தைத் தாண்டும் சத்தம் கேட்டால் கையை உதறிச் சிரிப்பான். அவ்வளவுதான். அதிலிருந்து எதுவும் ஆகப்போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. தன் பராமரிப்புக்கு ஈடாக ஒரு திறமையைக் காட்ட வேண்டிய கடன் அவனுக்கு இல்லை. திறமை எதுவும் வெளிப்படாமல், பெயர் சொல்ல ஒன்றும் செய்யாமல், சாப்பிட்டுத் தூங்கிச் சிரித்து ஐம்பது வயது வரை வாழும் ஒருவனைப் பற்றிய நாவலையும் நீங்கள் பேச எடுப்பீர்களா?

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

அப்படி ஒரு நாவலைப் பேசுவதென்றால், அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒருவரையாவது கூப்பிடுங்கள். தேடுவது கஷ்டமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அதில் படுக்கையோடு இருக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள், வெளியே வராததால் தெரியாது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக வீட்டுக்கே போகும் சிறப்புப் பயிற்றுநர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். கூப்பிட்டவரை மேடையேற்றி, உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் கஷ்டத்தை நாங்கள் ஏற்கெனவே எத்தனையோ கவுண்டர்களில், எத்தனையோ படிவங்களில் சொல்லியாகிவிட்டது. நாவல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். எந்த அத்தியாயம் பொய்யாகப் பட்டது, எந்த இடத்தில் எழுதியவர் அவசரப்பட்டார், உரையாடல் ஒட்டியதா என்று கேளுங்கள். என் அம்மாவுக்கு இதிலெல்லாம் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. ஒரு நாவலில் குழந்தைக்கு ஊட்டும் காட்சி அரைப் பக்கத்தில் முடிந்ததைப் பார்த்துவிட்டு, "இவர் ஊட்டிப் பார்த்ததே இல்ல" என்று மூடி வைத்தாள். அந்த விமர்சனத்தை நான் இதுவரை எந்த மதிப்புரையிலும் படிக்கவில்லை.

கூட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள். நான் போன கூட்டங்கள் பெரும்பாலும் மாடியில்தான் நடந்தன, குறுகலான படி, திரும்பும் இடத்தில் செருப்புக் குவியல். பிள்ளையோடு வருகிறவர்கள் ஏற முடியாது என்பது ஒருபக்கம். முழங்கால் வலிக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் உங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது நல்லது.

பிள்ளை சத்தம் போடுவான். என் தம்பிக்கு மைக் சத்தம் பிடித்தால் கூடவே கத்துவான். எச்சில் வழியும், துடைத்துக்கொண்டே இருப்போம். பேச்சாளர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தால் போதும். யாரும் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். அவன் கையைப் பிடித்து வணக்கம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வட்டத்தில் உள்ள இளைஞர்கள் இரண்டு பேர், ஒரு அம்மா கூட்டத்துக்கு வரும் அந்த இரண்டு மணி நேரம், அவள் வீட்டில் பிள்ளையோடு உட்கார முன்வாருங்கள். முதலில் சில நாட்கள் சும்மா வந்து பழக வேண்டும். எப்படிப் புரட்டுவது, வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையில் சாவி கொடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம், இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். கஷ்டமான வித்தை இல்லை, நான் எட்டு வயதில் கற்றுக்கொண்டேன். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பொறுமையும் இருக்கும் என்று நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் நூலகத்துறைக்கு நூலக நண்பர்கள் திட்டம் என்று ஒன்று 2022 முதல் இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது. பராமரிக்கும் அம்மாவும் வெளியே வர முடியாதவள்தான், அவளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி உங்கள் கிளை நூலகரிடம் பேசுங்கள், நீங்களே தன்னார்வலராகவும் பதிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி நண்பர்கள் உங்கள் ஊர் நூலகங்களில் இதே போல ஒன்றை ஆரம்பிக்க முடியுமா என்று பாருங்கள். புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறவர் வாசலில் நின்று ஐந்து நிமிடம் அந்தப் புத்தகத்தைப் பற்றி அம்மாவிடம் பேசினால், அதுவே அவளுக்கு ஒரு வாசகர் வட்டம்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வசதி. அவன் நான்கு மணிக்குச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் சாய்ந்திருந்துவிட்டால் கிளம்பலாம். நாற்காலி நாங்களே கொண்டுவருவோம். வாசலில் படி இருந்தால் எத்தனை என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், மூன்றுக்கு மேல் என்றால் தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். அடுத்து எந்த நாவல் என்பதை ஒரு மாதம் முன்பே தெரிவித்தால் அம்மா படித்துவிட்டு வருவாள். பேசவும் பேசுவாள்.

அன்புடன்,
ஆல்பேட்டையிலிருந்து ஒரு அக்கா